வெளுக்காத வண்ணம்

திருமறையின் இரண்டாம் அத்தியாயமாகிய அல்பகராவின் 138ஆம் வசனத்தில் 'ஸிப்கா' என்றொரு சொல் வருகிறது. அரபு மொழியில் அதற்குச் சாயம் என்றும், சாயத்தில் தோய்த்தல் என்றும் பொருள். இறைவனோடு சேர்த்து அச்சொல் அங்கே ஆளப்பட்டிருக்கிறது. மார்க்கத்தையே அது குறிக்கிறது என்று விரிவுரையாளர்கள் பலர் விளக்கம் தந்துள்ளனர். ஓதிச் செல்லும்போது நாம் நின்று நோக்காமல் கடந்துவிடக்கூடிய சொல் அது. மார்க்கத்தை ஒளியென்று சொன்னால் நமக்கு உடனே விளங்குகிறது. வழியென்று சொன்னாலும் விளங்குகிறது. சாயம் என்று சொன்னது ஏன்?

இவ்வினாவுக்கு விடை காணச் சாயத் தொழிலையும் வண்ணத் தொழிலையும் ஒருமுறை உற்று நோக்க வேண்டும். அதற்காக நீங்கள் பாரசீகத்துக்கோ துருக்கிக்கோ பயணப்பட வேண்டியதில்லை. கடலூரும் சிதம்பரமும் அவற்றினிடையே கடலோரமாய் அமைந்த பரங்கிப்பேட்டையும் போதும். ஒரு காலத்தில் உலகின் பல திக்குகளுக்கும் வண்ணத்தை ஏற்றுமதி செய்த கரை இது.

அதற்கும் முன்னதாக, உங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு பாடம் இருக்கிறது. பெருநாளைக்கு முந்திய இரவில் வீட்டுப் பெண்மக்கள் மருதாணி அரைத்துக் கையில் இட்டுக்கொள்கிறார்கள். அரைத்த இலை பச்சை. விடிந்ததும் கை சிவப்பு. அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? மருதாணியிலுள்ள சாயச் சத்து, தோலிலுள்ள புரதத்தோடு பிணைந்துகொள்வதால் வந்தது. ஆகையால்தான் எத்தனை முறை ஒளூச் செய்தாலும் அது கரைவதில்லை. பழைய தோல் தேய்ந்து புதுத்தோல் வளரும்போதுதான் மறைகிறது. நகத்தின்மேல் பூசப்படும் கடைப் பூச்சோ சில நாள்களில் செதில் செதிலாக உரிந்து விழுந்துவிடுகிறது. ஒன்று மேலே படிந்தது; மற்றொன்று உள்ளே கலந்தது. வண்ணத் தொழில் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

ஈரச் சுவரின் இரகசியம்

சிதம்பரத்திலுள்ள நடராசர் கோயிலில், சிவகாமசுந்தரி சன்னிதியின் முன்மண்டப விதானத்தில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருக்கின்றன. அண்டை சமயத்தாரின் வழிபாட்டிடத்தைச் சேர்ந்தவை அவை. எனினும், சுவரில் வண்ணம் எவ்வாறு நிலைக்கிறது என்னும் கேள்வி எல்லாருக்கும் பொதுவானதே.

அந்தக் கேள்வியைத் தமிழகத்தில் ஆராயத் தூண்டியதில் சிதம்பரத்துக்கு ஒரு பங்குண்டு. 1929இல் அங்கே தொடங்கப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி, 1931இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இருண்ட நடைபாதையில், பிற்காலத்து ஓவியப் பூச்சு உதிர்ந்த இடங்களில், அதற்கடியில் சோழர் காலத்து ஓவியங்கள் மறைந்திருப்பதைக் கண்டறிந்தார். ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகள் கழிந்தும் அவற்றின் வண்ணம் கெடாதிருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் அச்சுவர்ப் பூச்சை ஆராய்ந்தார். சுண்ணாம்புச் சாந்து உலர்வதற்கு முன்பே, அந்த ஈரத்தின்மீது வண்ணம் தீட்டப்பட்டிருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

ஈரச் சாந்தில் தீட்டுவதால் என்ன பயன்? நீற்றிய சுண்ணாம்பு காய்கையில், காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மீண்டும் கல்லாக மாறுகிறது. மேலே தீட்டிய காவி மண்ணும் மஞ்சள் மண்ணும் கரியும் அந்தக் கல்லுக்குள்ளேயே சிறைப்பட்டுவிடுகின்றன. பசையோ பிசினோ தேவையில்லை, சுவரே பசையாகிவிடுகிறது. காய்ந்த சுவரில் பிசின் கலந்து தீட்டும் முறையும் உண்டு. அது எளிது, ஓவியன் ஆற அமர வேலை செய்யலாம். ஆனால் பிசின் கெட்டவுடன் வண்ணம் பொடியாக உதிரும். ஈரச் சாந்து ஓவியனுக்கு அவகாசம் தருவதில்லை. சாந்து இறுகுவதற்குள் முடித்தாக வேண்டும். தவறினால் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். அந்தக் கடுமைக்குக் கிடைத்த பரிசுதான் அத்தனை நூற்றாண்டு ஆயுள்.

கரையோரத்துச் சாயவேர்

சிதம்பரத்திலிருந்து கிழக்கே சென்றால் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. போர்த்துக்கீசியர் அதைப் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத் துறைமுகம் என்றனர். நம்மவர் மஹ்மூது பந்தர் என்றனர். வடக்கே கடலூர், அதன் அருகிலுள்ள தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் 1690இல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசம் சென்றபின், 1752 வரை இந்தக் கோட்டையே இக்கரையில் அவர்களுடைய தலைமையிடமாக இருந்தது. ஆங்கிலேயர், டச்சுக்காரர், டேனியர், பிரெஞ்சுக்காரர் என அத்தனை பேரும் இந்தக் குறுகிய கரையில் வந்து மொய்த்ததன் முதன்மையான காரணம் என்ன? துணி! வெள்ளைத் துணி, நீலத் துணி, வண்ணம் தீட்டிய துணி.

வண்ணம் தீட்டிய துணியைச் சீட்டி என்றார்கள். தீட்டும் தொழிலுக்குக் கலம்காரி என்று பெயர். கலம் என்பது எழுதுகோலுக்குரிய அரபுச் சொல். காரி என்பது வேலையைக் குறிக்கும் பாரசீகச் சொல். நம் பிள்ளைகள் மதரஸாவில் பிடிக்கும் கலத்தின் பெயரையே சாயத் தொழிலாளியின் கோலும் பெற்றிருக்கிறது. மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, நுனிக்குச் சற்று மேலே கம்பளி மயிரை உருண்டையாகச் சுற்றிக் கட்டினால் அதுதான் கலம். அந்த உருண்டை சாய நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரலால் மெல்ல அழுத்தினால் நுனிவழியே வேண்டிய அளவு இறங்கும்.

இத்தொழிலின் நுட்பத்தை ஐரோப்பியர் அறிய விரும்பினர். 1742இல் கேர்து என்னும் பிரெஞ்சு நாட்டுப் பாதிரியார், இங்குள்ள சாயக்காரர்களிடம் கேட்டறிந்த செய்முறையைத் தம் நாட்டுக்கு விரிவான கடிதமாக எழுதியனுப்பினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பெலியே என்னும் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு தொழிலாளி வேலை செய்வதை அருகிருந்து பார்த்து, ஒவ்வொரு படியிலும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அந்த அளவுக்கு இது மதிப்புள்ள இரகசியமாயிருந்தது.

அந்தச் செய்முறையைச் சுருக்கமாகக் காண்போம்.

முதற்காரியம் துணியைப் பக்குவப்படுத்துதல். வெளுத்த துணியைக் கடுக்காய்த் தூள் கரைத்த எருமைப் பாலில் நனைத்துப் பிழிந்து வெயிலில் உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு துணியில் ஏறும். பாலின் கொழுப்பு, பின்னர்த் தீட்டும் நீர் பரவிக் கசியாமல் தடுக்கும். பிறகு மரக்கட்டையால் அடித்து வழவழப்பாக்குவர். அடுத்து, ஊசியால் துளையிட்ட காகிதச் சித்திரத்தைத் துணிமேல் விரித்து, கரித்தூள் முடிச்சால் தட்டுவர். துளை வழியே தூள் இறங்கிக் கோடுகள் தெரியும்.

அக்கோடுகளின்மேல் கலத்தால் வரைவர். கருப்புக் கோட்டுக்குரிய நீர் இரும்பினால் ஆனது. துருப்பிடித்த இரும்பைப் புளித்த கஞ்சியிலோ கள்ளிலோ வெல்லத்தோடு ஊற வைத்து எடுப்பது. அது துணியில் ஏறியிருக்கும் கடுக்காய்த் துவர்ப்பைத் தொட்ட அக்கணமே கருக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் வரைவதோ சிவப்பு நீர் அன்று, படிகார நீர். படிகாரத்துக்கு நிறமில்லை. தீட்டிய இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்பதற்காகப் பதங்கக் கட்டையின் சாற்றைச் சிறிது கலந்துகொள்வார்கள்.

இனித்தான் சாயவேர் வருகிறது. இம்பூரல் என்றும் சொல்லப்படும் இச்சிறு செடி நம் கடற்கரை மணலில் வளர்வது. செடி சிறியது, வேரோ ஆழமானது. அந்த வேரின் பட்டையில்தான் செஞ்சாயம் இருக்கிறது. கிளிஞ்சல் கலந்த, சுண்ணச் சத்துள்ள மணலில் விளைந்த வேரே உயர்ந்தது என்பது தொழிலறிந்தோர் கண்ட உண்மை. அந்த வேர்த்தூள் இட்டுக் காய்ச்சிய நீரில் துணி முழுவதையும் அமிழ்த்துவர். துணி முழுவதும் சிவந்துவிடும். ஆனால் அந்தச் சிவப்பு எல்லா இடத்திலும் நிற்பதில்லை! ஆட்டுப் புழுக்கை கரைத்த நீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் விரித்து, உலர உலர நீர் தெளித்துவந்தால், படிகாரம் படாத இடமெல்லாம் வெளுத்துவிடும். படிகாரம் பட்ட இடம் மட்டும் இரத்தினம்போல் சிவந்து நிற்கும். வேரின் சாயச் சத்தும் படிகாரத்தின் உலோகச் சத்தும் ஒன்றோடொன்று பிணைந்து, நீரில் கரையாத புதுப்பொருளாக நூலிழைக்குள் தங்கிவிடுவதே காரணம். படிகார நீரின் அடர்த்தியைக் கூட்டியும் குறைத்தும் செஞ்சிவப்பு முதல் இளஞ்சிவப்பு வரை பெறுவர். இரும்பு நீரும் சேர்த்து ஊதா நிறம் பெறுவர்.

நீலத்துக்கு வழி வேறு. நீலம் வேண்டாத இடங்களையெல்லாம் மெழுகால் மூடிவிட்டு, துணியை அவுரிச் சாயத் தொட்டியில் இறக்குவர். அவுரி இலையை நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து, அந்நீரை அடித்துக் கலக்கினால் காற்றுப்பட்டு நீலம் அடியில் படியும். அதைக் கட்டியாக்கி வைப்பார்கள். அக்கட்டி தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துத் தொட்டியில் புளிக்க வைத்தால் மட்டுமே கரையும். கரைந்த நீர் நீலமாயிராமல் பசுமஞ்சளாயிருக்கும். அதில் தோய்த்த துணி மஞ்சள் படர்ந்த பச்சையாக வெளிவந்து, காற்றுப் பட்டதும் உங்கள் கண்முன்னாலேயே நீலமாக மாறும்.

எல்லாம் முடிந்தபின் கடைசியாக மஞ்சள் தீட்டுவர். நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டினால் இலைகள் பச்சையாகும். இந்த மஞ்சள் ஒன்றே, மற்ற வண்ணங்களைப்போல் ஆழப் பிணையாமல், மேலோட்டமாகத் தங்கியது. விளைவைக் கேளுங்கள். அயல்நாட்டு அருங்காட்சியகங்களிலுள்ள 18ஆம் நூற்றாண்டுச் சீட்டித் துணிகள் பலவற்றில் பூக்கள் அன்று தீட்டியவாறே சிவந்திருக்கின்றன, இலைகளோ நீலமாயிருக்கின்றன. தொழிலாளி நீல இலையா வரைந்தான்? இல்லை. பிணைப்பில்லாத மஞ்சள் வெளுத்து மறைந்துவிட்டது, பிணைப்புள்ளவை தங்கிவிட்டன.

கடல் கடந்த துணி

இத்துணிகளை ஏற்றிச் சென்றவர்களில் நம் மரக்காயர்களும் சூலியா வணிகர்களும் முன்னணியில் இருந்தனர். பரங்கிப்பேட்டையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட அவர்களுடைய மரக்கலங்கள் அச்சே, கெடா, பெகு முதலிய துறைகளுக்குத் துணியேற்றிச் சென்றன. பாரசீகத்தார் விரும்பிய சைப்ரஸ் மரமும் பூங்கொடியும் ஒருவகைத் துணிக்கு. மலாய்த் தீவினர் விரும்பிய நெருக்கமான பூக்கோலம் வேறொரு வகைத் துணிக்கு. வாங்குவோரின் மனமறிந்து வரைந்தனர் நம் கலக்காரர்கள்.

மேலை நாடுகளில் நடந்ததோ வியப்பான கதை. அலசினாலும் சாயம் போகாத துணியை ஐரோப்பியர் அதுவரை பெரிதும் கண்டதில்லை. மக்கள் அதன்மேல் மோகம் கொண்டனர். உள்நாட்டு நெசவாளர் கொதித்தெழுந்தனர். பிரான்சு 1686 முதல் 1759 வரை இத்துணியைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700இலும் 1720இலும் தடைச் சட்டங்கள் இயற்றியது. ஒரு நாட்டு அரசாங்கமே சட்டமியற்றித் தடுக்கும் அளவுக்கு வலிமை கொண்டிருந்தது, பெயர் தெரியாத நம் தொழிலாளியின் கைத்திறன்!

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் மலைப்பகுதியில் வாழும் தொராஜா மக்கள், குஜராத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு வந்த துணிகளைக் குலச் சொத்தாகப் பேணி வந்திருக்கிறார்கள். சடங்கு நாள்களில் மட்டுமே அவற்றை வெளியே எடுப்பார்கள். செய்து அனுப்பிய கரையில் அத்தகைய துணி ஒன்றை வைத்திருக்கும் வீடுகள் எத்தனை? எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

தொழில் போன வழி

முதலில் போர்கள் வந்தன. 1781 ஜூலை முதல் நாளில் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் பரங்கிப்பேட்டையில் மோதின. 1783இல் கடலூர் முற்றுகைக்கு உள்ளாயிற்று. போர் நடந்த ஊரில் நெசவாளரும் சாயக்காரரும் நிலைத்து வாழ முடியுமா? அடுத்து, இங்கிலாந்தில் இயந்திர நெசவும் அச்சுத் துணியும் எழுந்தன.

மூன்றாவது அடியே வேரை அறுத்தது. சாயவேரிலுள்ள செஞ்சாயச் சத்து அலிசரின் எனப்படும். 1868இல் ஜெர்மன் வேதியியலார் கிரேபேயும் லீபர்மானும் அதைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். அடுத்த ஆண்டே தொழிற்சாலையில் செய்யும் முறை உரிமம் பெற்றது. கரித்தாரிலிருந்து செஞ்சாயம் கிடைத்தபின் மணலைத் தோண்டி வேரெடுப்பார் யார்? நீலமும் தப்பவில்லை. அன்றைய தென்னார்க்காடு மாவட்டம், அதாவது இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்கள் அடங்கிய பகுதி, சென்னை மாகாணத்தில் அவுரிக்குப் பெயர்பெற்றது. 1897இல் ஜெர்மன் நிறுவனம் ஒன்று செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் அவுரித் தொட்டிகள் ஒவ்வொன்றாக வறண்டன.

ஆயினும் அடியோடு அழிந்துவிடவில்லை. திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி பயிரிட்டு நீலம் எடுக்கும் தொழில் இன்றும் நடைபெறுகிறது. தஞ்சை மராட்டிய மன்னர்களின் ஆதரவில் கோடாலிக் கருப்பூரில் செழித்த கலம்காரியின் மரபைச் சிலர் காத்து வருகின்றனர். கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடிக் கைலி இன்றும் பெயர் சொல்லக்கூடியதாக இருக்கிறது. உங்கள் வீட்டு ஆண்மக்கள் உடுத்தும் கைலியும் அந்தப் பழைய கடல் வணிகத்தின் வழித்தோன்றலே.

கிதாபில் ஏறிய மை

துணியிலிருந்து காகிதத்துக்கு வருவோம். பள்ளிவாசலிலும் திருமறைப் படியிலும் உருவம் இடம்பெறாமையால், முஸ்லிம் கலைஞரின் திறமெல்லாம் எழுத்திலும் கொடியிலும் கட்டக் கோலத்திலும் பாய்ந்தது. அரண்மனைகளில் உருவச் சித்திரமும் தீட்டப்பட்டது உண்மையே. அக்பர் காலத்து ஹம்ஸா நாமாவின் ஏறத்தாழ 1,400 ஓவியங்கள் பருத்தித் துணிமீது தீட்டப்பட்டவை. எனினும் பொதுமக்களின் கைக்கு வந்த கலை எழுத்துக் கலையே.

அதற்குரிய மை இருவகை. ஒன்று புகைக்கரி மை. எண்ணெய் விளக்கின் புகையைப் பிடித்து, கருவேலம் பிசினோடு நெடுநேரம் அரைத்துச் செய்வது. 1557இல் இஸ்தான்புல்லில் கட்டிமுடிக்கப்பட்ட சுலைமானியாப் பள்ளிவாசலில், நூற்றுக்கணக்கான விளக்குகளின் புகை ஓரிடத்தில் சென்று சேருமாறு சினான் என்னும் சிற்பி காற்றோட்டம் அமைத்தார் என்றும், அந்தக் கரியைக் கொண்டு மை செய்தனர் என்றும் சொல்வர். மற்றொன்று, மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்த மை. மாசிக்காயில் துவர்ப்பு, அன்னபேதியில் இரும்பு. 11ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் ஆட்சி புரிந்த முஇஸ் இப்னு பாதீஸ் என்னும் மன்னரின் பெயரால் வழங்கும் 'உம்ததுல் குத்தாப்' என்னும் நூல், மை செய்தல், நிறம் கூட்டல், பொன் எழுத்து, நூல் கட்டல் ஆகியவற்றுக்கெனவே எழுதப்பட்டது.

இவ்விரண்டாம் மையைக் கவனித்தீர்களா? இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் கருப்பு. பரங்கிப்பேட்டைச் சாயக்காரர் கடுக்காயும் இரும்பு நீரும் கொண்டு துணியில் வரைந்த கருங்கோடும், தொலைவிலுள்ள எழுத்தர் கிதாபில் எழுதிய கருவரியும் ஒரே குடும்பம்! ஆகவே இரண்டுக்கும் ஒரே குறையும் உண்டு. இரும்பு மை தான் ஏறிய பொருளையே நாளடைவில் அரிக்கும். பழைய சீட்டித் துணியில் கருங்கோடு இருந்த இடம் இற்றுக் கிழிந்திருப்பதும், பழைய ஏட்டில் எழுத்திருந்த இடம் துளையாய்ப் போயிருப்பதும் இதனால்தான். செம்புக் களிம்பிலிருந்து எடுக்கும் பச்சையும் அவ்வாறே காகிதத்தைத் தின்னும். பக்கங்களின் ஓரக்கட்டம் தனியே கழன்று விழுவதை நீங்கள் கண்டிருக்கக்கூடும்.

புகைக்கரி மைக்கு அந்தக் குறை இல்லை. கரி வெயிலில் வெளுக்காது, காகிதத்தை அரிக்காது. ஆனால் அது காகிதத்தோடு பிணைவதில்லை. பிசினின் பிடியில் மேலே தங்கியிருக்கிறது. துருக்கிய எழுத்தர்கள் முட்டை வெண்கருவும் படிகாரமும் பூசி, வழவழப்பான கல்லால் மெருகேற்றிய காகிதத்தில் எழுதினர். அதில் மை உள்ளிறங்காமையால், பிழை நேர்ந்தால் ஈரம் தொட்டுத் துடைத்துத் திருத்த முடிந்தது. எழுத்தருக்கு வசதியாயிருந்த அதே தன்மை, பாதுகாப்பவருக்கு எச்சரிக்கை ஆகிறது. பல நூறு ஆண்டுகள் வெளிச்சத்துக்கு அஞ்சாத எழுத்து, ஒரு குவளைத் தண்ணீருக்கு அஞ்சுகிறது.

பேழையைத் திறந்து பாருங்கள்

இதை ஏன் இவ்வளவு விரித்துரைக்கிறோம்? கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை வட்டாரங்களில் வாழும் உங்களில் பலர் வீட்டுப் பரணிலும் மரப்பேழையிலும் முன்னோரின் கையெழுத்துக் கிதாபுகள் இன்னும் இருக்கலாம். அரபியிலும் அரபுத் தமிழிலும் எழுதிய மார்க்க நூல்கள், பாமாலைகள், மருத்துவக் குறிப்புகள், வாப்பா எழுதி வைத்த பிறப்பு இறப்புக் குறிப்புகள். நம் கரையோ நீருக்கு இலக்கான கரை. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30இன் தானே புயல், 2015இன் பெருவெள்ளம் ஆகியவற்றை நாம் மறக்க முடியாது. உயிரையும் உடைமையையும் காக்க ஓடும் வேளையில் கிதாபை யார் நினைப்பார்? நினைக்க வேண்டிய வேளை அதற்கு முந்திய அமைதியான நாள்களே.

செய்யக்கூடியவை எளியவை. வீடு துப்புரவு செய்யும் நாளில் பழைய ஏட்டை ஈரத் துணியால் துடைக்காதீர்கள். புகைக்கரி மை அத்துடன் போய்விடும். உலர்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். பனையோலைச் சுவடிக்கு எண்ணெய் பூசும் வழக்கத்தைக் காகித ஏட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கிழிந்த பக்கத்தில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள்; அதன் பசை சில ஆண்டுகளில் பழுத்துக் கறையாகி, எடுக்கும்போது எழுத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடேற்றி ஒட்டுவதும் வேண்டாம். ஒட்டியதைப் பின்னர்ப் பிரிக்க இயலாது. சாயம் போகாத, கஞ்சியிடாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சுவரைத் தொடாத, தரையினின்று உயர்ந்த இடத்தில் வையுங்கள். ஆண்டுக்கு இரண்டுமுறை நிழலில் காற்றாட விரியுங்கள். நேர் வெயில் கூடாது. எழுத்து பழுப்பேறிக் காகிதம் துளைபட்டிருந்தால் அது இரும்பு மையென்று கொள்ளலாம். அத்தகைய ஏட்டை அடிக்கடி புரட்டாமல், மழைக்காலத்தில் மிகுந்த கவனத்தோடு பேணுங்கள். நனைந்துவிட்டால் பக்கங்களை வலிந்து பிரிக்காதீர்கள். காற்றோட்டத்தில் மெல்ல உலரவிட்டு, சுவடிப் பாதுகாப்பு அறிந்தவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. இன்று பெரும்பாலான வீடுகளில் கைப்பேசி இருக்கிறது. வெளிச்சமுள்ள முற்றத்து நிழலில் ஏட்டை வைத்து, வீட்டுப் பிள்ளையைக் கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படமெடுக்கும் சாக்கில் அப்பிள்ளை அந்த எழுத்தை ஒருமுறை பார்ப்பான். 'இது என்ன எழுத்து, யார் எழுதியது?' என்று கேட்பான். உம்மாவோ வாப்பாவோ பதில் சொல்ல முடிந்த காலத்திலேயே அந்தக் கேள்வி பிறக்கட்டும்.

தோய்தல் என்னும் சொல்

தொடங்கிய இடத்துக்கு வருவோம். மார்க்கத்தைக் குறிக்கச் சாயம் என்னும் சொல் ஆளப்பட்டது ஏன் என்று கேட்டோம். பரங்கிப்பேட்டைச் சாயக்காரரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? துணியை முதலில் வெளுக்க வேண்டும் என்றிருப்பார். அழுக்கின்மேல் சாயம் ஏறாது. அடுத்து, கண்ணுக்குத் தெரியாத படிகாரத்தைத் தீட்ட வேண்டும் என்றிருப்பார். பார்ப்பவர் அதைக் காண்பதில்லை, சிவப்பைத்தான் காண்பார்கள். பிறகு காய்ச்சலிலும் அலசலிலும் வெயிலிலும் துணியைப் போட வேண்டும் என்றிருப்பார். எது உண்மையான நிறம், எது வெறும் பூச்சு என்று அவைதாம் காட்டும்.

நம் வணக்கத்திலும் அப்படித்தான் அல்லவா? பிறர் காணும் தொழுகையும் ஜகாத்தும் நிறம் என்றால், எவரும் காணாத நிய்யத் அதன் படிகாரம். அது இல்லாத இடத்தில் ஏறிய சிவப்பு முதல் அலசலிலேயே போய்விடும். வறுமை வரும்போதும் செல்வம் வரும்போதும் கோபம் வரும்போதும் நாம் எந்த நிறத்தில் நிற்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் ஜும்ஆவுக்குப் புறப்படும் முன் ஓர் அரைமணி நேரம் ஒதுக்கி, பரணிலுள்ள அந்தப் பேழையை இறக்கிப் பாருங்கள். முன்னோர் எழுதிய எழுத்து இன்னும் கருமை மாறாமல் இருக்கக் கண்டால், அதைப் புதிய பருத்தித் துணியில் சுற்றி, உங்கள் பிள்ளையின் கையால் மேலான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.